அரிசி டிரம்முக்குச் சொன்னது

ஜன்னலை மூடாதீங்கக்கா. திறந்தே இருக்கட்டும். காத்து இரைச்சல் இருந்தா நான் பேசுறது முன்னாடி கேக்காது. தலை கலையுதுன்னா முந்தானையைப் போட்டுக்கங்க. நீங்க திண்டுக்கல்லா? நாங்க மணப்பாறையில இறங்கிருவோம். அதுக்குள்ள யார்கிட்டயாவது சொல்லிடலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. முன்னப் பின்னத் தெரியாதவங்கன்னாதான் சொல்லவும் முடியும்.

நாங்கன்னு சொன்னேன்ல. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டு சீட்டு தள்ளி, கட்டம் போட்ட சட்டை. அவருதான் எங்க வீட்டுக்காரர். நேரா பாக்காதீங்கக்கா, வெளிய பாக்குற மாதிரி பாருங்க. பஸ்ல ஏறினா எப்பவும் "அங்க உக்காரு"ன்னு கையைக் காட்டுவாரு. இன்னைக்கு அதுவும் காட்டல. அவரு பாட்டுக்குப் போய் உக்காந்துட்டாரு. பொண்ணு காலேஜ் வாசல்ல கிளம்பினதுலேருந்து ஒரு வார்த்தை பேசல. திருச்சி பஸ்ஸ்டாண்டுல பேசல. ஏறுறப்பவும் பேசல. அதான் எனக்குப் பயமா இருக்கு. கத்திட்டாருன்னா பரவாயில்லக்கா, கத்தினா முடிஞ்சிரும். கத்தாம வர்றாரே, அதை எங்க கொண்டுபோய் இறக்குவாருன்னு தெரியலையே.

நல்ல மனுசன்தான். தப்பா நினைச்சுக்காதீங்க. குடி கிடையாது, பீடி கிடையாது, என் மேல கை நீட்டினது கிடையாது. சத்தம் மட்டும்தான். ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரு. அந்த மெஷின் இரைச்சல்ல கத்தினாத்தான் பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்கும். கத்திக் கத்தி அப்படியே தொண்டை பழகிப்போச்சு. ஆனா வீட்டுக்கு வந்தா அவருக்குச் சத்தமே ஆகாது. நாள் பூரா அதுல நின்னுட்டு வர்றவருக்கு எப்படி ஆகும், நீங்களே சொல்லுங்க. ஒரு கரண்டி கீழ விழக் கூடாது. விழுந்துச்சுன்னா அவரு போடுற சத்தத்துக்கு அந்தக் கரண்டியே தேவலைன்னு இருக்கும். மத்தபடி நல்ல மனுசன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. சங்கவின்னு பேரு. சின்னதுலேருந்து நல்லா பாடுவா. அவரு இல்லாத நேரமா பாத்துப் பாடுவா. பாட்டுப் படிக்கப் போறேன்னு நின்னா. நான் எப்படியோ அவர்கிட்டச் சொல்லி, பாட்டு டீச்சர் வேலை கிடைக்கும்னு சொல்லி, அது எப்படிச் சொன்னேன்னு அப்புறம் சொல்றேன், சம்மதிக்க வச்சுச் சேத்தோம். சேத்த பிறகுதான் தெரியுது, அது வெறும் பாட்டுப் படிப்பு இல்ல. இசை, ஒலி, நாடகம் எல்லாத்தையும் ஒரே துறையாக்கி வச்சிருக்காங்க. பாட வந்தவ மைக்கைத் தூக்கணும், கம்ப்யூட்டர்ல சத்தத்தை வெட்டி ஒட்டணும். சவுண்டு படிக்க வந்த பையன் மேடையேறி நடிக்கணும். நடிக்க வந்த பொண்ணு உக்காந்து தாளம் போடணும். ஒருத்தர் படிப்பு இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்கக் கூடாதாம். லீவுக்கு வந்தப்ப மிக்சி ஒயரு, அயர்ன்பாக்ஸ் ஒயரு எல்லாத்தையும் ஒரு தினுசா மடிச்சு மடிச்சுச் சுத்தி வச்சா. மைக் ஒயரை அப்படித்தான் சுத்தணுமாம், இல்லன்னா உள்ள முறுக்கிக்குமாம். இவரு பாத்துட்டு, பாட அனுப்பினா ஒயரைச் சுத்திட்டு வந்து நிக்கிறாளேன்னு வீடே அதிர்ற மாதிரி கேட்டாரு.

இன்னொண்ணு கேளுங்க. கண்ணை மூடி உக்காந்து சுத்திக் கேக்குற சத்தத்தையெல்லாம் கவனிக்கணுமாம். அதுக்கு ஒரு வகுப்பே இருக்காம். ஒருநாள் சாயந்தரம் அடுப்படியில கண்ணை மூடி உக்காந்திருந்தா. நான் சட்னி அரைச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு கண்ணைத் திறந்து சொல்றா: "அம்மா, அப்பா வண்டி அந்தத் திருப்பத்துக்கு வர்றப்பவே நீ மிக்சியை நிறுத்திடுற. உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. கை தானா நிறுத்திருக்கு. சட்னி பாதி அரைஞ்சும் அரையாமயும் கிடக்கு. எனக்கு அன்னைக்கே பயம் தட்டிருச்சு. இந்தப் பொண்ணு எதையெதையோ கேக்க ஆரம்பிச்சிட்டாளேன்னு.

அந்த லீவுக்குத்தான் அவங்க மேடம் ஒரு வேலை குடுத்து அனுப்பிருந்தாங்க. அவங்கவங்க வீட்டுச் சத்தத்தை ரெக்கார்டு பண்ணிட்டு வரணும். பாடுற பொண்ணு ஒண்ணு, சவுண்டு பையன் ஒண்ணு, நாடகப் பொண்ணு ஒண்ணுன்னு மூணு மூணு பேரா சேந்து, அதுல ஒரு வீட்டை எடுத்துக்கிட்டு ஒரு நிகழ்ச்சி செய்யணும். அதுதான் பரிட்சை. பெத்தவங்களும் வந்து பாக்கணும். இதுல என்ன சட்டம்னா, மெஷினை வீட்ல ஒரு இடத்துல வச்சுட்டுக் கிளம்பிரணும். திரும்ப வந்து எடுக்குற வரைக்கும் தொடக் கூடாது. மெஷின் இருக்குறதையே வீட்டு ஆளுங்க மறந்துரணுமாம்.

இவரு காதுக்கு அது எப்படியோ போயிருச்சு. இட்லியைத் தட்டோட தள்ளி வச்சுட்டுச் சொன்னாரு: "நாலு பேரு முன்னாடி நம்ம வீட்டுச் சத்தம் கேட்டுச்சுன்னா, அன்னைக்கே டி.சி. வாங்கிக் கூட்டிட்டு வந்துருவேன்." அவரு சொன்னா செய்வாரு. எங்க நாத்தனா வீட்டுக் கல்யாணத்துல பந்தியில ஒரு பேச்சு வந்துச்சுன்னு, இனிமே உங்க வாசல்ல கால் வைக்க மாட்டேன்னாரு. வச்சதில்ல. கூடப் பொறந்த தங்கச்சி வாசல்க்கா. அப்ப டி.சி. எம்மாத்திரம்.

அதனால சங்கவி மெஷினை வைக்க மாட்டான்னு நினைச்சேன். அவளும் தலையை ஆட்டினா. மறுநா அவ சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா. நான் சாயந்தரம் துவரம்பருப்பு எடுக்க அலமாரியில கையை விடுறேன், டப்பாவுக்குப் பின்னாடி என்னமோ மெத்துனு தட்டுப்படுது. எலியோன்னு பயந்து இழுத்தேன். கையடக்கமா ஒரு மெஷின். தலையில சாம்பல் கலர்ல பஞ்சுத் தொப்பி. செவப்பா ஒரு புள்ளி எரியுது. எனக்குக் கைகாலே ஓடல. அவரு வர்ற நேரம். எதை அமுக்கினாலும் அந்தச் செவப்பு அணைய மாட்டேங்குது. பூட்டு மாதிரி ஏதோ போட்டு வச்சிருக்கா. வெளிய வைக்கலாம்னா எதிர் வீட்டுல எல்லாம் உக்காந்திருக்காங்க. அவரு இன்னைக்குன்னு பாத்து ஒரு சத்தம் போட்டுட்டாருன்னா, அது இதுக்குள்ள போயிருச்சுன்னா, பொண்ணு படிப்பு அவ்வளவுதான். வண்டி வேற திருப்பத்துல கேக்குது. அரிசி டிரம்மைத் திறந்தேன். நல்லா கையை விட்டு அரிசிக்குள்ள புதைச்சேன். மேல அரிசியைத் தள்ளி மூடிட்டேன்.

உள்ள சத்தம் போகாதுன்னுதான் நினைச்சேன். அரிசி எல்லாத்தையும் குடிச்சிரும்னு நினைச்சேன்.

இப்ப எப்படி இருக்காரு பாருங்க. நான் பாக்க மாட்டேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. தூங்கலையா? வாய் அசையுதா? வெளிய பாத்துக்கிட்டு வாயை மட்டும் அசைக்கிறாரா. தெரியும்க்கா. அது என்னன்னு எனக்குத் தெரியும். மனசுக்குள்ள கொதிக்க வச்சுக்கிட்டு வர்றாரு. மணப்பாறையில இறங்கினதும் நம்ம தலையில ஊத்தறதுக்கு.

எங்க விட்டேன். ஆங், அரிசி டிரம்மு. இப்ப ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்னா, எடுத்தோம் கவுத்தோம்னு கேக்க முடியாது. என்ன கேக்குறோம்கிறதுல ஒண்ணுமில்ல, எந்தக் குரல்ல கேக்குறோம்கிறதுல இருக்கு. ஒரு குரல்ல கேட்டா உலகமே இடியும், இன்னொரு குரல்ல அதையே கேட்டா "பாக்கலாம்"பாரு. அதனால நான் முன்னாடியே சொல்லிப் பாத்துக்குவேன். வாய்விட்டுச் சொல்லிப் பாத்தாத்தான் தெரியும். வீட்ல எங்க சொல்லிப் பாக்குறது? அரிசி டிரம்மைத் திறந்து, அரிசி அள்ளுற மாதிரி குனிஞ்சு, தலையை உள்ள விட்டுச் சொல்லுவேன். வெளிய ஒரு பொட்டுக் கேக்காது. சங்கவி படிப்புக்கு அப்படித்தான் கேட்டேன். கண்ணாடி மாத்தணும்னு அப்படித்தான் கேட்டேன். எங்க அம்மா செத்தப்ப அங்க பதினாறு வரைக்கும் இருந்துட்டு வரேன்னு, அதைக்கூட உள்ள தலையை விட்டுச் சொல்லிப் பாத்துட்டுத்தான் கேட்டேன். இதுல ஒண்ணும் தப்பு இல்லல்ல? எல்லாரும் எங்கயாவது சொல்லிப் பாக்கத்தானே செய்வாங்க. நீங்க எங்க சொல்லிப் பாப்பீங்க?

சொல்லிப் பாக்க மாட்டீங்களா? அப்படியே கேட்டுருவீங்களா?

சரி, அது உங்க வீடு. அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, அவரு வந்தாரு, வாசல்ல சங்கவி விட்டுட்டுப் போன பழைய செருப்பு குறுக்க கிடந்துச்சு, அதுக்கு ஒரு பாட்டம் சத்தம் போட்டாரு. நல்லவேளை, அரிசிக்குள்ள போட்டோமேன்னு எனக்குள்ள ஒரு நிம்மதி. அப்புறம் அமைதியா டிவி முன்னாடி உக்காந்துட்டாரு. எனக்கு அவர்கிட்ட ஒண்ணு கேக்க வேண்டியிருந்துச்சு. இந்த நிகழ்ச்சிக்கு ரெண்டு பேரும் வந்தே ஆகணும்னு சங்கவி சொல்லிருந்தா. வெள்ளிக்கிழமை. மில்லுல லீவு போடணும். நேரா காலேஜுன்னு ஆரம்பிச்சா ஆகாது, முதல்ல லீவு கிடைக்குமான்னு கேட்டு, மனசு எப்படியிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் சொல்லணும். போனேன், டிரம்மைத் திறந்தேன், தலையை விட்டேன், சொல்லிப் பாத்தேன். பழக்கம்க்கா. கால் தானாப் போச்சு. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாக்கல. என் கையாலதான் புதைச்சேன், பாத்துக்கங்க.

மறுநா சங்கவி காலேஜுக்குக் கிளம்புறப்ப, "மெஷினை எங்கம்மா?"ன்னு மெதுவாக் கேட்டா. அலமாரியில தண்ணி கொட்டிருச்சு, ஈரம் போகட்டும்னு அரிசியில போட்டேன்னு சொன்னேன். போன் நனைஞ்சா அப்படித்தானே போடுவாங்க. எடுத்துக் குடுத்தேன். பஞ்சுத் தொப்பி பூரா அரிசி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. தட்டிவிட்டுப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா. அதுக்கு அடுத்த நாள் நான் உலைக்கு அரிசி அள்ளப் போறேன். டிரம்மைத் திறக்குறேன். வாய் தானா திறக்குது. அப்பத்தான்க்கா. அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுது. படி கையிலேருந்து விழுந்திருச்சு.

எதிர் வீட்டுக்குப் போய் அவங்க போன்ல பேசினேன். எங்க வீட்ல பேசினா அவரு ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவாரு. சங்கவி போனை எடுத்ததும் ரூமை விட்டு வெளிய வந்து கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "நான் கேட்டுட்டேம்மா"ன்னா. அவ கூட இருக்குற ரியாஸும் எஸ்தரும் கேட்டுட்டாங்களாம். ரியாஸு சவுண்டு படிக்கிற பையன், எஸ்தர் நாடகப் பொண்ணு. அவங்க மேடமும் கேட்டுட்டாங்களாம். எனக்கு அந்த இடத்துலயே செத்துரலாம்னு இருந்துச்சு. அழிச்சிருடி, உன் படிப்பு போயிரும், உங்கப்பா சொன்னதைச் செய்வாருடின்னு கெஞ்சினேன். அவ அழுதுக்கிட்டே சொல்றா: "அவருக்கு எப்படிம்மா தெரியும்? அந்தக் குரல்ல நீ அவர்கிட்டப் பேசினதே இல்லையே."

யோசிச்சுப் பாத்தா அது சரிதானே. அதையெல்லாம் நான் டிரம்முக்குத்தானே சொன்னேன். அவருக்குச் சொன்னது கடைசியா ஒண்ணுதான். பேரு போட மாட்டோம், மில்லுன்னு வர்ற இடத்தையெல்லாம் வெட்டிட்டோம்னு சொன்னா. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ஆனா அன்னையிலேருந்து சோறு இறங்கல. டிரம்மைத் திறந்தா வாயைக் கெட்டியா மூடிக்குவேன். ஒரு வாரமா நான் அவர்கிட்ட எதையுமே கேக்கல, கேக்குறதுக்கு எனக்கு இடமில்லாமப் போச்சு.

இன்னைக்குப் போனோம். வேற யாரு வீட்டுச் சத்தமோன்னு நினைச்சுத்தான் அவரும் லீவு போட்டுட்டு வந்தாரு. மேடைன்னு ஒண்ணுமில்ல, ஒரு பெரிய ரூமு, சுத்திக் கறுப்புத் துணி. நாங்க சுத்தி உக்காந்திருக்கோம், நடுவுல அவங்க. அவரு என் பக்கத்துல. ஒரு மூலையில ரியாஸு கம்ப்யூட்டரோட. நடுவுல எஸ்தர் ஒரு எவர்சில்வர் டிரம்மைக் கொண்டாந்து வைக்குது. அதைப் பாத்ததுமே நான் முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டேன். சங்கவி ஓரமா தரையில உக்காந்து சுருதி பிடிச்சு, வாயை மூடிக்கிட்டு ஒரே ஒரு ஸ்வரத்தை இழுக்குறா. விளக்கு அணைஞ்சிருச்சு. அரிசி சரசரன்னு சரியுற சத்தம். அந்த ரூம் பூரா. நாமளே அரிசிக்குள்ள கிடக்குற மாதிரி இருந்துச்சுக்கா.

அப்புறம் குரல். என் குரலு. ஆனா எனக்கே தெரியல அது என் குரலுன்னு. அவ்வளவு கிட்டக்க, காதுக்குள்ள பேசுற மாதிரி. "ஏங்க, வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு கிடைக்குமா?" எஸ்தர் டிரம்முக்குள்ள தலையை விட்டு நிமிர்ந்து, இல்லன்னு தலையை ஆட்டுது. மறுபடி குனியுது. "வெள்ளிக்கிழமை வேலை ஜாஸ்தியாங்க?" சிரிச்சுக்கிட்டே கேக்குற மாதிரி. அதுவும் சரியில்ல. அப்புறம் உடம்பு சரியில்லாதவ மாதிரி ஈனஸ்வரத்துல ஒண்ணு. அப்புறம் சும்மா போற போக்குல கேக்குற மாதிரி. "ஒண்ணுமில்லங்க, சும்மாதான் கேட்டேன்." இன்னும் கேள்வியே கேக்கல, அதுக்குள்ள சும்மாதான் கேட்டேன்னு சொல்லிப் பாக்குறேன். ஜனங்க சிரிக்கிறாங்க. நானே சிரிச்சிருப்பேன், வேற யாராவதுன்னா. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுது, சங்கவியும் கூடவே சுருதியை ஏத்திக்கிட்டு வர்றா. பயம் கூடினா குரல் ஏறுமாமே. அவங்க மேடம் முன்னாடியே சொன்னாங்க.

அவரும் சிரிச்சாருக்கா. நல்லாச் சிரிச்சாரு. என் பக்கம் சாஞ்சு காதுல சொன்னாரு: "யாருடி இந்தப் பொம்பளை? லீவு கேக்குறதுக்கா இந்தப் பாடு படுது?"

எனக்கு உசிரு போயி வந்துச்சு. தெரியலங்கன்னு சொன்னேன். அப்பாடா, தப்பிச்சோம், பொண்ணு படிப்பு தப்பிச்சுச்சுன்னு நினைச்சேன். அதோட விளக்கைப் போட்டிருந்தா எல்லாம் நல்லா முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் டிரம்மை மூடுற சத்தம் வந்துச்சு.

எங்க வீட்டு டிரம்மு மூடி சரியா உக்காராது. ஒருநாள் அவரு கால் பட்டு ஒரு பக்கம் நெளிஞ்சிருச்சு. கோவத்துல இருந்தாரு, அடுப்படியில நான்தான் வழியில நின்னேன், கால் டிரம்மு மேல பட்டுருச்சு. அதை ஒண்ணும் சொல்ல முடியாது. அன்னையிலேருந்து உள்ளங்கையால ஒரு பக்கம் அமுக்கி, மறுபக்கம் ஒரு குத்து குத்தினாத்தான் மூடும். டொக்குன்னு ஒண்ணு, அப்புறம் ஙொய்ங்குன்னு ஒரு ரீங்காரம். எந்த வீட்டு டிரம்மும் அப்படி மூடாது. அந்தச் சத்தம் வந்ததும் அவரு சிரிப்பு நின்னுருச்சு. மத்தவங்க சிரிச்சுக்கிட்டிருக்காங்க, என் பக்கத்துல மட்டும் நின்னுருச்சு.

அப்புறம் மெட்டி சத்தம். அடுப்படியிலேருந்து நடந்து போறது. தூரமா டிவி. அரிசிக்கு அடியில மெஷின் கிடக்குதா, அதனால எல்லாம் எங்கயோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு. அந்தத் தூரத்துல என் குரல். இதுதான் நான் தேர்ந்தெடுத்த குரலு. ரொம்பச் சின்னதா, சமமா, ஒரு அழுத்தமும் இல்லாம. "ஏங்க, வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு கிடைக்குமா?" இந்தக் குரலை அவரு தினம் கேக்குறாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தக் குரல் ஒண்ணைத்தான் கேட்டிருக்காரு. சங்கவி இதை எடுத்திருப்பான்னு நான் நினைக்கவே இல்ல. ரூமே அவரு என்ன பதில் சொல்லப் போறாருன்னு காத்திருக்கு. யாரும் சிரிக்கல இப்ப. டிவி சத்தம்கூட நின்னுபோச்சு. சங்கவி சுருதியையும் நிறுத்திட்டா. பதிலே வரல. அப்படியே விளக்கைப் போட்டுட்டாங்க.

அன்னைக்கு அவரு "பாக்கலாம்"னுதான் சொன்னாரு. நல்லபடியாத்தான் சொன்னாரு. அதைப் போட்டிருந்தா என்னக்கா? அதைப் போடாம விட்டுட்டாங்க. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க அவரைப் பத்தி?

எல்லாரும் அந்த டிரம்மையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம்தான் தட்டினாங்க. ஒரு அம்மா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. அவரு கை தட்டவும் இல்ல, அசையவும் இல்ல. கை ரெண்டும் முட்டி மேல இருந்துச்சு. ரியாஸு யார் யார் என்ன செஞ்சாங்கன்னு பேரு சொன்னான். குரல்னு வந்தப்ப, பேரைச் சொல்ல அனுமதி இல்லைன்னான். அது இன்னும் மோசமாப் போச்சு. எனக்கு அந்தப் பையனை வாயை மூடச் சொல்லணும் போல இருந்துச்சு.

சங்கவி எங்ககிட்ட வந்தா. அவ அப்பா அவளைப் பாத்துக்கிட்டே நின்னாரு. இப்ப கேப்பாரு, இப்ப டி.சி.ங்கிற வார்த்தை வரும்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். வரல. திரும்பி நடந்துட்டாரு. சங்கவி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இன்னைக்கு ஒருநாள் ஹாஸ்டல்ல என் கூட இருந்துரும்மா"ன்னா. நான் மாட்டேன்னுட்டேன். நான் அங்க தங்கிட்டேன்னா, நாளைக்குக் காலையில வந்து ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருவாரு. நான் கூடப் போனா, விழுறது என் தலையில விழுந்துட்டுப் போகட்டும். அவ படிக்கட்டும்.

இன்னும் கேளுங்க. பஸ்ஸ்டாண்டுல டீ வாங்கி என் கையில குடுத்தாரு. எப்பவும் அவரு குடிச்சு முடிச்சுட்டு, வேணுமான்னு தலையை ஆட்டுவாரு, அவ்வளவுதான். இன்னைக்கு ஒண்ணும் கேக்கல, நேரா கொண்டாந்து நீட்டினாரு. சர்க்கரை இல்லாம. நான் சர்க்கரை போட்டுக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. எனக்கு இறங்கல. வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டுக்குத் தழை காட்டுவாங்கல்ல, அந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப என்ன பண்றாரு? இன்னும் வாய் அசையுதா. சிரிக்காதீங்கக்கா. என்னது? ஒரு வார்த்தை ஆரம்பிக்கிறாரு, தலையை ஆட்டிக்கிறாரு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிறாரா? ஆமா, எப்படித் திட்டினா நல்லா உறைக்கும்னு பாக்குறாரு போல. இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டு அவரு திட்டினதே இல்லக்கா. அப்படின்னா எவ்வளவு பெருசா வரப்போகுது பாருங்க.

நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்குப் போயி அவரு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிரப் போறேன். அது நான்தாங்க, பொண்ணு மேல தப்பு இல்ல, அவ படிப்பை நிறுத்திராதீங்கன்னு. உங்ககிட்டச் சொல்லிப் பாக்கவா? தப்பா நினைக்காதீங்க, டிரம்மு இல்ல இங்க. "ஏங்க, அது நான்தாங்க." இது அழுகுற மாதிரி இருக்கா? "அது நான்தாங்க, விடுங்க, அதுல என்ன இருக்கு?" இது திமிரா இருக்கும். வேணாம். "ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" இப்படி ஆரம்பிச்சா கட்டாயம் கோவிச்சுக்குவாரு. நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க? காத்துல தூசி விழுந்திருச்சா? ஜன்னலை வேணா பாதி மூடிக்கங்க.

ஐயோ, மணப்பாறை வந்துருச்சா? இன்னும் தூரம் இருக்குன்னுல்ல நினைச்சேன். எந்திரிச்சிட்டாரா? இங்கதான் வர்றாரா? என் பையைக் கொஞ்சம் எடுங்கக்கா. நீங்க என்கிட்டப் பேசாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. வந்துட்டாரு.

"மணப்பாறை வந்துருச்சு. இறங்கலாமா?"

போயிட்டாரா? படிக்கிட்டத்தான் நிக்கிறாரா? என்னைப் பாத்துக்கிட்டா? அக்கா, நீங்களும் கேட்டீங்கல்ல, இறங்கலாமான்னாரு. எப்பவும் இறங்குன்னுதான் சொல்லுவாரு. வண்டியோ பஸ்ஸோ, இறங்குன்னுதான். இது என்ன குரலு? இப்படி ஒரு குரலு அவர்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதே. கத்தலையே. கேக்குறாரேக்கா. கேட்டுட்டு அங்க நின்னு காத்துக்கிட்டிருக்காரு. இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நான் சொல்லிப் பாக்கவே இல்லையே.